அரவிந்த் கண் ஆஸ்பத்திரிகிட்ட சின்னக் கம்பெனிக்காரங்க கத்துக்க என்ன இருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்கு வெளியில அட்டைப்பெட்டி பண்ற யூனிட் வச்சிருக்கேன், 22 பேர் வேலை பாக்குறாங்க. என்னை மாதிரி சின்னத் தொழில் பண்றவங்க கூடி உக்காந்தா பேச்சு எப்பவும் மூணு விஷயத்துலதான் சுத்தும், ஆள் கிடைக்கல, கிடைச்ச ஆள் நிக்கல, நான் ஒருநாள் இல்லைன்னா வேலை ஓடல. நான் ஒவ்வொரு தடவையும் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய இழுப்பேன், உடனே ஆளாளுக்கு ஒரு கேள்வி கேப்பாங்க. அதையெல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னுதான் இது.

அது ஆஸ்பத்திரி, அதுவும் டிரஸ்ட். கம்பெனிக்கு அதை எப்படி உதாரணமா சொல்றீங்க?

டிரஸ்ட்தான், கோவெல் டிரஸ்ட்னு பேரு. ஆனா நன்கொடைல ஓடுற இடம்னு நினைச்சுடாதீங்க. காசு குடுத்து ஆபரேஷன் பண்ணிக்கிறவங்க பணத்துலயே காசு குடுக்க முடியாதவங்களுக்கும் பாத்து, மிச்சம் பிடிச்சு, அடுத்தடுத்த ஊர்ல கட்டிடமும் கட்டியிருக்காங்க. 1976ல மதுரைல 11 படுக்கை, 1985ல தேனி, 1988ல திருநெல்வேலி, 1997ல கோயம்புத்தூர், 2003ல பாண்டிச்சேரி, அப்புறம் சென்னை வரைக்கும் போயாச்சு. ஆரம்பிச்ச டாக்டர் வி 2006ல இறந்துட்டார், அதுக்கப்புறமும் அது தடுமாறல. நம்ம ஊர்ல அப்பா காலமானதும் மூணு வருஷத்துல பூட்டுன எத்தனை கடை, எத்தனை மில்லு பாத்திருக்கோம், அதையெல்லாம் நினைச்சுப் பாத்தா இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

டாக்டர் வி-ன்னு சொல்றீங்களே, அவரு யாரு?

டாக்டர் ஜி. வெங்கடசாமி. 1918ல எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துல பொறந்தவர், விவசாயக் குடும்பம். மதுரை அமெரிக்கன் காலேஜ்ல படிச்சு, ஸ்டான்லில டாக்டருக்குப் படிச்சு, ராணுவத்துல டாக்டரா இருந்தவர். சொந்தக்காரப் பொண்ணுங்க பிரசவத்துல செத்தத பாத்து வளர்ந்தவர், அதனால பிரசவ டாக்டர் ஆகணும்னுதான் ஆசை. அதுக்குள்ள முடக்குவாதம் வந்துருச்சு, சாதாரணமா இல்ல, மாசக்கணக்குல படுக்கைல போட்டு, விரலெல்லாம் கோணிப்போச்சு. அந்த விரல வச்சுக்கிட்டு பிரசவம் பாக்க முடியாதுன்னு ஆனதும் கண் வைத்தியத்துக்கு மாறுனார். கண்ணுன்னா இன்னும் நுணுக்கமான வேலை ஆச்சே, அந்தக் கையோட எப்படின்னு கேக்கத் தோணும், தன் கைக்குத் தோதா கருவி செய்ய வச்சு, மறுபடி மறுபடி பழகி, வாழ்நாள்ல ஒரு லட்சத்துக்கு மேல கண் ஆபரேஷன் பண்ணியிருக்கார்.

மதுரை பெரியாஸ்பத்திரில கண் பிரிவுத் தலைவரா ரொம்ப வருஷம் இருந்தார். கண் முகாம்னு கிராமம் கிராமமா போறத அப்பவே ஆரம்பிச்சுட்டார். 1973ல பத்மஸ்ரீ. 1976ல 58 வயசு, அரசாங்க ரிடையர்மென்ட். எல்லாரும் பேரன் பேத்தியோட உக்கார்ற வயசுல (இவர் கல்யாணமே பண்ணிக்கல) இவர் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சார்.

முதலுக்குப் பணம்?

குடும்பம். தம்பி தங்கச்சிங்க, அவங்க வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மா, எல்லாரும் சேந்தாங்க. வீட்டை அடமானம் வச்சாங்க, நகைய வச்சாங்க. கட்டிடம் ஒரே மூச்சுல எழும்பல, காசு வர வர ஏறிச்சு.

அவர் தலைமை எப்படி? பெரிய பேச்சாளரா?

பேச்சாளர்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. சம்பளம் எடுத்துக்காம, அரசாங்க பென்ஷன்லயே வாழ்ந்தார். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா யோசிச்சுப் பாருங்க, முதலாளி தன் பங்க முதல்ல எடுத்து வச்சுட்டு மிச்சத்துல எல்லாரையும் சிக்கனமா இருக்கச் சொல்ற இடத்துல, கேக்குறவன் மனசுல என்ன ஓடும்?

ஒரு விஷயம் நேராவே சொல்லிடறேன், அவர் சுலபமான மனுஷன் இல்ல. கூட வேலை பாத்த தங்கச்சி, மச்சினன் எல்லாரையும் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் வேலை வாங்கினவர், ஆரம்ப வருஷங்கள்ல வெளியில கிடைச்சிருக்கக்கூடிய சம்பளத்துல சின்னப் பங்குதான் அவங்களுக்குக் கிடைச்சது. அவங்க நின்னதுக்குக் காரணம், அவர் எது கேட்டாலும் அது அவருக்காக இல்லைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சதுதான்னு நான் நினைக்கிறேன். அவர் மனசுல ஒண்ணே ஒண்ணுதான், குணப்படுத்தக்கூடிய குருட்டுத்தனத்தோட ஒருத்தரும் இருக்கக்கூடாது. இந்த நாட்டுல பார்வை போன பெரும்பாலானவங்களுக்குக் காரணம் கண்புரை, அது ஒரு சின்ன ஆபரேஷன்ல சரியாகிற விஷயம், அப்புறம் ஏன் ஒரு கிழவி பத்து வருஷம் திண்ணைல கை தடவிக்கிட்டு உக்காந்திருக்கணும்? இந்தக் கேள்வியத்தான் அவர் சாகுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டிருந்தார்.

சரி, ஆசை எல்லாருக்கும் இருக்கு. அதை எப்படி நடைமுறையாக்குனார்?

எனக்கு இதுதான் மொத்த விஷயத்துலயும் முக்கியம், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

கண்புரை எடுக்க லட்சக்கணக்கான பேர் இருக்காங்க, டாக்டரோ விரல் விட்டு எண்ற அளவு. அப்ப எது அருமையான பொருள்? டாக்டரோட நேரம், அதுலயும் அவர் கத்தியப் பிடிச்சிருக்கிற நேரம். அது ஒரு நிமிஷம் கூட வீணாகக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம் ஆள் எடுக்குறது, டிரெயினிங், ரூம் அமைப்பு, வேலை ஆரம்பிக்கிற நேரம், எல்லாமே அந்த ஒரு முடிவுல இருந்து வந்ததுதான்.

ஆபரேஷன் தியேட்டர்ல எப்படி நடக்குதுன்னு பாருங்க. ஒரு டாக்டருக்கு ரெண்டு மேஜை, பக்கத்து பக்கத்துல. ஒரு மேஜைல ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜைல அடுத்தவர படுக்க வச்சு, கண்ணைச் சுத்தம் பண்ணி, துணி போத்தி, கருவியெல்லாம் எடுத்து வச்சு நர்ஸுங்க தயாரா நிப்பாங்க. இங்க முடிஞ்சதும் டாக்டர் ஸ்டூல்லயே திரும்பி, மைக்ரோஸ்கோப்ப அந்தப் பக்கம் தள்ளி, அடுத்த கண்ண ஆரம்பிச்சுடுவார். கட்டுப் போடுறது, எழுப்பி உக்கார வைக்கிறது, கூட்டிட்டுப் போறது எதுவும் அவர் வேலை இல்ல. இப்படி ஒரு மணி நேரத்துல ஆறு, ஏழு கண் முடியும். அங்க ஒரு டாக்டர் வருஷத்துக்கு சுமாரா 2000 ஆபரேஷன் பண்றார், நாட்டோட சராசரிக்கு இது பல மடங்கு.

வேகமா பண்ணா தரம் கெட்டுப்போகும்னு உடனே தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா அங்க ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற சிக்கல்கள, பிரிட்டன்ல வெளியான கணக்கோட வச்சு ஒப்பிட்டுப் பாத்தவங்க, பலதுலயும் அரவிந்த் கணக்கு குறைவா இருந்ததா எழுதியிருக்காங்க. திரும்பத் திரும்ப ஒரே வேலையச் செய்யிற கை, அப்பப்ப செய்யிற கையவிட சுத்தமாத்தான் செய்யும், எங்க பஞ்சிங் மெஷின் ஆபரேட்டரப் பாத்தாலே அது தெரியும்.

மெக்டொனால்ட்ஸ் பாத்துதான் ஐடியா வந்துச்சாமே, நிஜமா?

ஆமா, அவரே அத வெளிப்படையா சொல்லியிருக்கார். அமெரிக்கா போனப்ப பாத்து, எந்த ஊர்க் கடைல போனாலும் ஒரே மாதிரி தர்றாங்களே, சாதாரணப் பிள்ளைங்கள வச்சே தர்றாங்களே, இதை ஏன் கண் ஆபரேஷனுக்குப் பண்ணக்கூடாதுன்னு கேட்டார். ஒரு பக்கம் ஸ்ரீ அரவிந்தர் பக்தர் (ஆஸ்பத்திரி பேரே அவர் பேர்தான்), இன்னொரு பக்கம் பர்கர் கடை. ரெண்டையும் ஒரே மனசுல வச்சிருந்தவர்.

ஆள் எப்படி எடுக்குறாங்க? அதுதான் எங்களுக்கு வேணும்.

அங்க டாக்டர் எண்ணிக்கையவிட பல மடங்கு இருக்கிறது, மேல நர்ஸுங்கன்னு சொன்னேனே, அந்தப் பொண்ணுங்கதான், மொத்த ஸ்டாஃப்ல பாதிக்கு மேல. நர்சிங் டிகிரி முடிச்சவங்க இல்ல. சுத்துப்பட்டு கிராமத்துல பிளஸ் டூ முடிச்ச, 17, 18 வயசுப் பொண்ணுங்க. எடுத்து, தங்க வச்சு, உதவித்தொகை குடுத்து, ரெண்டு வருஷம் அவங்களே சொல்லிக் குடுக்குறாங்க. முதல்ல எல்லாருக்கும் பொதுவான பாடம், அப்புறம் யாருக்கு எது வருதோ அதுல பிரிச்சு விடுவாங்க, ஒருத்தி தியேட்டர், ஒருத்தி கண் பவர் பாக்குறது, ஒருத்தி ரெக்கார்டு, ஒருத்தி நோயாளிகிட்ட பேசிப் புரிய வைக்கிற கவுன்சிலர். இந்த ஏற்பாட்ட ரொம்ப வருஷம் உக்காந்து கட்டினவங்க டாக்டர் வி-யோட தங்கச்சி டாக்டர் ஜி. நாச்சியார், 2024ல அவங்களுக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க.

எடுக்குறப்ப என்ன பாக்குறாங்கன்னா, மார்க்க மட்டும் பாக்குறதில்ல. பொண்ணோட அப்பா அம்மாவயும் வரச் சொல்லிப் பேசுவாங்க. காட்டு வேலை பாக்குற வீடா, கூடப் பொறந்தவங்களப் பாத்துக்கிட்ட பொண்ணா, பெரியவங்ககிட்ட எப்படிப் பேசுது, இதெல்லாம்தான் கவனிப்பு. ஏன்னா அங்க வர்ற நோயாளி யாரு? எழுபது வயசுக் கிழவி, ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சதில்ல, பயத்துல கை நடுங்கும். அந்தக் கையப் பிடிச்சு "பாட்டி வாங்க, ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்"னு அவங்க ஊர்ப் பேச்சுலயே சொல்ல, அதே மாதிரி ஒரு பாட்டி வீட்டுல இருக்கிற பொண்ணாலதான் முடியும். சொட்டு மருந்து போடச் சொல்லிக் குடுத்துடலாம், இந்தக் கைப்பிடிய ரெண்டு வருஷத்துல சொல்லிக் குடுக்க முடியுமான்னு எனக்குச் சந்தேகம்.

எங்க அப்பத்தா கதையச் சொல்லிடறேன். உசிலம்பட்டி பக்கம் கிராமம், தொண்ணூறுகள் நடுவுல ஸ்கூல்ல நடந்த முகாம்ல பாத்துட்டு, அன்னைக்கே பஸ்ல ஏத்தி மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, ஊர்ல இருந்து இன்னும் நாலஞ்சு பேர். நாங்க மறுநாள் போய்ப் பாத்தா பெரிய ஹால்ல வரிசையா பாய், ஒரு கண்ணுல கட்டோட அப்பத்தா உக்காந்து பக்கத்துப் பாய்க்காரம்மாகிட்ட ஏதோ நிலத்தகராறு பேசிக்கிட்டிருக்கு. திரும்பி வந்து அது பேசுனது டாக்டரப் பத்தி இல்ல, டாக்டர் முகமே ஞாபகம் இல்ல. "அந்த திருமங்கலத்துப் புள்ள" பத்திதான், ராத்திரி பாத்ரூம் கூட்டிட்டுப் போன பொண்ணு. சாகுற வரைக்கும் அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேட்டுக்கிட்டிருந்துச்சு.

அனுபவம் உள்ள ஆள எடுத்தா டிரெயினிங் செலவே மிச்சம் ஆகுமே?

நானும் அப்படித்தான் நினைச்சேன், நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய கம்பெனில பன்னிரண்டு வருஷம் இருந்த ஒருத்தர சூப்பர்வைசரா எடுத்தேன், என்கிட்ட இருக்கிறதுலயே அதிக சம்பளம். வேலை தெரிஞ்சவர், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா வந்த முதல் வாரத்துலயே பசங்கள பேர் சொல்லிக் கூப்புடாம "ஏய்"னு கூப்புட ஆரம்பிச்சார், தப்பு நடந்தா யார் பண்ணதுன்னு தேடுறதுலயே அரைநாள் போகும், எப்படி நடந்துச்சுன்னு கேக்கவே மாட்டார். எட்டு மாசத்துல என்கிட்ட ஆறு வருஷமா இருந்த ரெண்டு பேர் போயிட்டாங்க. தப்பு என்னோடது, அவருக்கு என்ன தெரியும்னு மட்டும் கேட்டு எடுத்தேன், எப்படிப்பட்டவர்னு பாக்கல. அனுப்புறதுக்கும் தயங்கித் தயங்கி இன்னும் மூணு மாசம் ஓட்டுனேன், அதுதான் அதைவிடப் பெரிய தப்பு.

தெரியாததச் சொல்லிக் குடுத்துடலாம். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன எப்படி நடத்துறான்ங்கறது பதினெட்டு வயசுக்குள்ள ஓரளவு உள்ள இறங்கிடுது, முப்பத்தஞ்சு வயசுல அதை மாத்துறதுக்கு நம்ம கம்பெனி இடம் இல்ல.

அந்தப் பொண்ணுங்க கல்யாணம் ஆகிப் போயிட்டா டிரெயினிங் எல்லாம் வீண்தானே?

நிறையப் பேர் போறாங்கதான். அது நடக்கும்னு முதல்லயே கணக்குல எடுத்துக்கிட்டதால வருஷாவருஷம் புது பேட்ச் வந்துக்கிட்டே இருக்கு, ஒருத்தி போனா அவ இடத்துக்கு ஏற்கனவே ஒருத்தி பழகிக்கிட்டிருப்பா. நாம என்ன பண்றோம், ஆள் போன அன்னைக்கு ராத்திரிதான் வாட்ஸ்அப்ல "ஆள் தேவை" போடுறோம்.

ஒழுங்குன்னா அங்க ரொம்ப கண்டிப்பா? ஃபைன் போடுவாங்களா?

ஒழுங்குன்னதும் நமக்கு லேட்டா வந்தா அரைநாள் சம்பளம் கட்டுங்கறதுதான் ஞாபகம் வருது. காலைல ஏழு ஏழரைக்கெல்லாம் வேலை ஓடுற இடம்தான் அது, நேரம் முக்கியம்தான். ஆனா எனக்கு அங்க பிடிச்ச ஒழுங்கு வேற. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் என்ன ஆச்சு, யார் பண்ணது, என்ன சிக்கல் வந்துச்சுன்னு பதிவாகும், டாக்டர் வாரியா கணக்கு வரும், அத வச்சு உக்காந்து பேசுவாங்க. சீனியர் டாக்டர் கணக்கும் அதே தாள்லதான் இருக்கும். தன் தப்பத் தானே எழுதி வச்சு நாலு பேர் முன்னாடி பேசுறதுக்கு ஃபைன் கட்டுறதவிட நூறு மடங்கு மனசு வேணும்.

இன்னொண்ணு முகாம் விஷயம். ஆரம்பத்துல முகாம் போட்டு, ஆபரேஷன் இலவசம்னு சொன்னாங்க, வேணும்னு சொன்ன நிறையப் பேர் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்ல. "ஃப்ரீயா தந்தும் வரமாட்டேங்குறாங்களே, ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்ல"ன்னு சொல்லிட்டு விட்டிருக்கலாம், நாமன்னா அப்படித்தான் சொல்லியிருப்போம். அவங்க போய் ஏன் வரலன்னு கேட்டாங்க. பஸ் காசு இல்ல, மூணு நாள் சாப்பாட்டுக்கு என்ன பண்றது, கூட வர ஆள் இல்ல, பயம், இதான் பதில். அதுக்கப்புறம் பஸ், சாப்பாடு, தங்குறது எல்லாம் சேத்து, ஒரே ஊர்க்காரங்கள ஒண்ணாக் கூட்டிட்டு வர ஆரம்பிச்சாங்க. எங்க அப்பத்தாவும் அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆபரேஷன் வேணாம்னு சொன்ன ஆள்தான், வயல் வேலைய விட்டுட்டு யார் கூட வருவாங்கங்கறதுதான் அதோட கவலை.

பாதிக்கு மேல இலவசம்னா எங்கிருந்துய்யா லாபம்?

காசு குடுக்குறவங்க பணத்துலதான், முதல்லயே சொன்னேனே. ஏழைன்னு சர்டிபிகேட் கேக்குறதில்ல. காசு குடுத்துப் பாக்குற பக்கம், இலவசப் பக்கம், எதுல போறதுன்னு நோயாளியே முடிவு பண்ணிக்கலாம். ரெண்டு பக்கமும் அதே டாக்டருங்க மாறி மாறிப் பாப்பாங்க. வித்தியாசம் ஏசி ரூமா பாயாங்கறதுலயும், எந்த மாதிரி லென்ஸ், எந்த முறைங்கறதுலயும்தான்.

லென்ஸ்னு சொன்னதும் ஆரோலேப் பத்திச் சொல்லணும். முன்னாடியெல்லாம் புரைய எடுத்துட்டு சோடாபுட்டி கண்ணாடி குடுத்து அனுப்புவாங்க, ஞாபகம் இருக்கும், அது கீழ விழுந்து உடைஞ்சா மறுபடி குருடுதான். கண்ணுக்குள்ளயே வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுல இருந்து வரணும், ஒண்ணு நூறு டாலர் பக்கம். ஏழைக்கு அது கட்டாதுன்னு பெரிய பெரிய ஆளுங்களே சொன்ன காலத்துல, 1992ல மதுரைலயே ஆரோலேப் ஆரம்பிச்சு, பத்து டாலருக்குக் கொண்டு வந்து, அப்புறம் அதுக்கும் கீழ கொண்டு போனாங்க. இன்னைக்கு நூறு நாட்டுக்கு மேல போகுது மதுரை லென்ஸ். ஏழைக்கு ஒரு தரம், பணக்காரனுக்கு ஒரு தரம்னு ஒத்துக்கிட்டிருந்தா அந்த ஃபேக்டரியே வந்திருக்காது.

குடும்பமே நடத்துற இடம் தானே? சொந்தக்காரங்கள வச்சா உருப்படாதும்பாங்களே?

முப்பது பேருக்கு மேல குடும்பத்து ஆளுங்க அங்க வேலை பாக்குறாங்க, மூணு தலைமுறை. ஆனா சொந்தம்ங்கறதால ஏசி ரூம்ல சும்மா உக்கார முடியாது, டாக்டர்னா அவங்களும் முகாமுக்குப் போகணும், அதே வரிசைல ஆபரேஷன் பண்ணணும். தம்பி சீனிவாசன் கட்டிடம், கணக்கு ரெண்டையும் இறுக்கிப் பிடிச்சவர். தங்கச்சி வீட்டுக்காரர் டாக்டர் நம்பெருமாள்சாமி விழித்திரை வைத்தியத்துல பெரிய ஆள், டாக்டர் வி-க்கு அப்புறம் அவர் தலைமைக்கு வந்தார், அடுத்து டாக்டர் ஆர்.டி. ரவீந்திரன் வந்தார். டாக்டர் இல்லாத ஆளுக்கும் இடம் குடுத்தாங்க, மேனேஜ்மென்ட் படிச்ச துளசிராஜ் 1981லயே வந்து நிர்வாகத்த எடுத்துக்கிட்டார். டாக்டருங்க நடத்துற ஆஸ்பத்திரில டாக்டர் இல்லாத ஒருத்தர் சொன்னா கேக்கணும்னா அதுக்கும் ஒரு அடக்கம் வேணும்.

முக்கியமா பாத்தீங்கன்னா, தலைவர் மாறுனப்ப யாரும் வெளியில இருந்து ஹீரோவ இறக்கல. அடுத்தவர் இருபது முப்பது வருஷமா அதே வராண்டால நடந்தவர்.

போட்டி ஆஸ்பத்திரிக்கும் சொல்லிக் குடுக்குறாங்களாமே?

ஆமா, அதுக்குன்னே லைகோன்னு தனியா ஒரு நிறுவனம், 1992ல ஆரம்பிச்சது. நூத்துக்கணக்கான கண் ஆஸ்பத்திரிங்க வந்து உக்காந்து கத்துட்டுப் போயிருக்காங்க, இங்க மட்டும் இல்ல, ஆப்பிரிக்கால இருந்தெல்லாம். ஒருத்தரும் குருடா இருக்கக்கூடாதுங்கறதுதான் குறின்னா அதை யார் செஞ்சாலும் சரிதானே.

ரொம்பப் புகழுறீங்க. குறையே இல்லையா?

இருக்கு. டாக்டருங்களுக்கு வெளியில கிடைக்கிற சம்பளம் அங்க கிடையாது, வேலையோ அதிகம், நல்லாப் பழகிட்டு தனியா கிளினிக் போடப் போறவங்க நிறைய. அந்தப் பொண்ணுங்க சம்பளம் பத்தி எனக்கு மனசுல ஒரு கேள்வி உண்டு, கிராமத்துல வேற வழி இல்லாததால கிடைக்கிற ஆள்னு ஒருத்தர் சொன்னா அதை முழுசா மறுக்க என்னால முடியாது. ஆனா அந்தப் பொண்ணு கைல ஒரு தொழில் இருக்கு, ஊருக்குள்ள அவ நடந்தா ஒரு மரியாதை இருக்கு, அதையும் சேத்துத்தான் எடை போடணும். அப்புறம், இது எல்லாத் தொழிலுக்கும் அப்படியே பொருந்தாது. ஒரே மாதிரி ஆபரேஷன் லட்சக்கணக்குல இருக்கிற இடத்துல ஓடுற முறை, ஒவ்வொரு ஆர்டரும் வேற மாதிரி வர்ற ஒர்க்‌ஷாப்ல அப்படியே ஓடாது.

எனக்கு மொத்தமே எட்டு பேர். எங்க ஆரம்பிக்கிறது?

உங்க தொழில்ல வீணாகக் கூடாதது எதுன்னு ஒரு வாரம் பாருங்க. பேனா நோட்டு போதும். டெய்லர் கடைன்னா கட்டிங் மாஸ்டர் நேரமா இருக்கலாம், ஹோட்டல்னா மத்தியானம் பன்னிரண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் அடுப்பா இருக்கலாம். அது தெரியாம ஆள் எடுக்காதீங்க, எடுத்தா அந்த ஆளுக்கு என்ன வேலைன்னு உங்களுக்கே தெரியாது.

நீங்க உங்க கம்பெனில என்ன பண்ணீங்க, அதச் சொல்லுங்க.

எனக்கு அது பஞ்சிங் மெஷின். அட்டைய டை (வெட்டுற அச்சு) வச்சு வெட்டுற மெஷின், அது நின்னா பின்னாடி ஒட்டுறவங்க, பின் அடிக்கிறவங்க எல்லாரும் நிக்கணும். ஆபரேட்டர் ஒரு நாள்ல எவ்வளவு நேரம் நிஜமா வெட்டுறார்னு ஒரு வாரம் எழுதி வச்சுப் பாத்தேன், எட்டு மணி நேரத்துல நாலரை மணி நேரம் கூட இல்ல. மிச்ச நேரம் டை எங்க இருக்குன்னு ரேக்குல தேடுறார், ஷீட்ட தானே தூக்கிட்டு வர்றார், ஆர்டர் அளவு கேட்டு ஆபீஸ் வாசல்ல நிக்கிறார். பன்னிரண்டு வருஷ அனுபவம் உள்ள கை, ரேக்குல டை தேடிக்கிட்டிருக்கு.

இப்ப ஒரு பொண்ணு இருக்கா, பிளஸ் டூ முடிச்சுட்டு வந்தவ, எங்க யூனிட் பக்கத்து ஊர். மெஷின தொட்டதே இல்ல. எடுக்குறப்ப அவ அம்மாவயும் வரச் சொல்லி டீ குடிச்சுக்கிட்டே அரைமணி பேசினேன், வீட்டுல ரெண்டு மாடு, தம்பிய ஸ்கூலுக்கு அனுப்புறது எல்லாம் இவதான். சாயங்காலமே மறுநாள் வேலைக்கு டை, ஸ்டீரியோ (பெட்டி மேல அச்சடிக்கிற பிளாக்), ஷீட் மூணையும் எடுத்து டிராலில வரிசையா வச்சு, மேல அளவு எழுதின சீட்டு ஒட்டிட்டுப் போறது அவ வேலை. முதல் மாசம் ரெண்டு தடவை தப்பான டை வச்சுட்டா, ஒரு தடவை நானூறு ஷீட் போச்சு. வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு, ஆனா கத்தல. ரெண்டு டையும் பாக்க ஒரே மாதிரி, நம்பர் பென்சில்ல எழுதி அழிஞ்சு போயிருந்துச்சு, அதான் காரணம். எல்லா டைக்கும் பெயின்ட்ல நம்பர் எழுதினோம், நானும் உக்காந்து எழுதினேன்.

மெஷின் இப்ப ஆறு மணி நேரத்துக்கு மேல ஓடுது. சூப்பர்வைசர் இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு, ரெண்டு பேர் வந்து பாத்துட்டுப் போனாங்க, வேலை நல்லாத் தெரிஞ்சவங்க. ஷெட்டுக்குள்ள நடக்கிறப்ப பசங்ககிட்ட எப்படிப் பேசுறாங்கன்னு பாத்தேன், எடுக்கல. அது வரைக்கும் காலைல ஏழு மணிக்கு நானே போறேன்.